மருந்து மாறிய பின் தோன்றும் அயர்வு

இதய நோய்க்காக உண்டுவரும் மாத்திரை மாற்றப்பட்டாலோ, அதன் அளவு கூட்டப்பட்டாலோ, அடுத்த சில நாள்களில் பலருக்கு அயர்வு தோன்றுகிறது. படியேறும்போது கால் கனக்கிறது. காலையில் எழுந்த பின்னும் உடல் படுக்கையையே நாடுகிறது. காசிமேட்டில் மீன்கூடை சுமப்பவருக்கும் எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓட்டுபவருக்கும் அயர்வு என்பது அன்றைய கூலியைத் தொடும் செய்தி. ஆகவே, வீட்டாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. அயர்வைவிட ஆபத்தானது அந்த முடிவே.

அயர்வு ஏன் வருகிறது?

இத்தகைய அயர்வைப் பெரிதும் உண்டாக்குபவை பீட்டா தடுப்பான் மருந்துகள். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அட்ரினலின் போன்ற சுரப்புகள் இதயத்தை விரட்டுவதை இவை தடுக்கின்றன. நாடித் துடிப்பு நிதானமடைகிறது. இரத்த அழுத்தம் தணிகிறது. இதயத்தின் வேலைச் சுமை குறைகிறது. இந்த நிதானத்துக்கு உடல் பழகச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அயர்வு இருக்கக்கூடும்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்துகள் ஆகாதவை என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதியது. 1999இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. வழக்கமான சிகிச்சையுடன் மெட்டோப்ரோலால் அல்லது பைசோப்ரோலால் உண்டவர்களிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சிறிய அளவில் தொடங்கி, வாரக் கணக்கில் இடைவெளி விட்டு, படிப்படியாகக் கூட்டுவதே இச்சிகிச்சையின் முறை. ஒவ்வொரு முறை கூட்டும்போதும் சில நாள் அயர்வு திரும்பலாம்.

இம்மருந்தைத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்ட துடிப்பு மீண்டும் வேகமெடுக்கும். நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட நேரலாம். நிறுத்தியே ஆக வேண்டுமானால் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.

வேறு காரணங்களும் உண்டு

நீர் மாத்திரை உண்பவர்களுக்கு உடலில் சோடியம், பொட்டாசியம் ஆகிய உப்புகள் குறைந்து அயர்வும் தசைப்பிடிப்பும் வரலாம். கடலோரப் புழுக்கத்தில் நாள் முழுதும் வியர்வை சிந்தி உழைப்போருக்கு இது விரைவில் நேரும். அதற்காக நீரையும் உப்பையும் தாமாகக் கூட்டுவதும் தவறு. எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். கருவாட்டிலும் ஊறுகாயிலும் உப்பு மிகுதி என்பதை மறவாதீர்கள். உடல்வலிக்கு மருந்துக்கடையில் தாமாக வாங்கும் வலிநிவாரணிகள் பலவும் உடலில் நீரைத் தேக்கி இதயத்துக்குச் சுமையாகும். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் அயர்வு வரும்.

அன்றாடம் செய்யத்தக்கவை

படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் அமர்ந்த பின் நில்லுங்கள். கடினமான வேலையைப் பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுங்கள். முழு ஓய்வு அயர்வை வளர்க்கும். மருத்துவர் அனுமதித்த அளவு, வெயில் தணிந்த வேளையில் மெல்ல நடங்கள். தலைசுற்றல் இருக்கும் நாளில் வாகனம் ஓட்டுவதையும், கிரேன், ஏணி போன்ற உயரங்களில் ஏறுவதையும் தவிருங்கள். படகில் பல நாள் கடலுக்குச் செல்வோர் திரும்பும் நாள்வரைக்கும், அதற்கு மேல் சில நாளுக்கும் போதிய மாத்திரையை எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு சிறு நோட்டில் தேதி, மாத்திரை உண்ட நேரம், நாடித் துடிப்பு, காலை எடை, அயர்வு மிகுந்த வேளை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். மாத்திரை உண்ட சில மணி நேரத்தில் மட்டும் அயர்வு மிகுகிறது எனத் தெரிந்தால், உண்ணும் நேரத்தையோ அளவையோ மருந்தையோ மருத்துவர் மாற்றக்கூடும். ‘களைப்பாக இருக்கிறது’ என்னும் ஒரு சொல்லைவிட இந்தக் குறிப்பு அவருக்குப் பெரிதும் உதவும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்குதல், மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடுதல், கால்வீக்கம், புதிதாக இளைப்பு ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சுத்திணறல் ஆகியவை நேர்ந்தால் 108ஐ அழையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இம்மருந்து மறைத்துவிடலாம், காரணமற்ற வியர்வை தோன்றினால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

குடும்பத்தாருக்கு

நோயாளியின் அயர்வைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். ‘வீட்டுக்குப் பாரமாகிவிட்டேனோ’ என்னும் அச்சமே பலரை மறைவாக மாத்திரையை நிறுத்தச் செய்கிறது. சில வாரங்களுக்கு வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு, உடன் வாருங்கள். அவர் சொல்லத் தயங்குவதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.