மாதம் தெரியும்படி வரை
நிலக்காட்சி ஓவியம் பழகும் ஓர் இளைஞருக்கு

அன்புள்ள தம்பி,

வரும் தை மாதம் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரை நடந்துகொண்டே வரையப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ந்தேன். மலையும் கோபுரமும் வரைந்து பழகிய கைக்கு அந்தச் சமநிலம் முதலில் பிடிபடாது. அண்ணாந்து பார்க்க அங்கே அதிகம் இருக்காது. தாளில் முக்கால் பங்கை வானமே எடுத்துக்கொள்ளும். கலங்காதே, நீரைப் பார். இந்த மாதம் நீர் எங்கே நிற்கிறது, எங்கிருந்து வடிந்திருக்கிறது, எங்கே உப்பாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றவை தாமாக இடம்பிடிக்கும்.

முதலில் ஊர்களைப் பார். கடல் காலங்காலமாக ஒதுக்கிவிட்டுப் போன மணல்மேடுகளின் மேல்தான் வீடுகளும் மாந்தோப்புகளும் முல்லைக் கொல்லைகளும் இருக்கின்றன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் மனிதர் குடியிருக்கும் இடத்தையும் நீர் தங்கும் இடத்தையும் பிரிக்கிறது. உன் கோடு அந்தச் சிறு ஏற்றத்தைத் தவறவிடக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. எத்தனையோ தென்னையும் மாவும் சாய்ந்தன. தோப்புகளில் இன்னும் வெற்றிடம் கண்டால், படம் நிறைவாக இருக்கட்டும் என்று அங்கே மரம் வரைந்துவிடாதே. அந்த வெற்றிடமும் அந்த ஊரின் வரலாறு.

அகஸ்தியம்பள்ளியில் உப்பளங்கள் தொடங்கும். மழைக்காலத்தில் பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்ததும் கரைகட்டி, தரையை மிதித்து இறுக்குவார்கள். பிறகு உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடுவார்கள். நீர் செறியச் செறிய நிறம் மாறும். உப்பில் வாழும் நுண்ணுயிர்களால் சில பாத்திகள் செம்மை பூக்கும். ஆகவே நீலத்தை மட்டும் நம்பிப் போகாதே. அங்கே வேலை செய்பவர்களை வரையுமுன் அனுமதி கேள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் நாள்முழுக்க நிற்பவர்கள் அவர்கள். அந்தக் கூச்சம் உன் கண்ணிலும் கொஞ்ச நேரம் பட்ட பிறகு வரை. 1930இல் உப்புச் சத்தியாகிரகத்தின்போது ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து ஏப்ரல் 13 அன்று புறப்பட்டு, மாத முடிவில் இங்கே வந்து உப்பள்ளினார்கள். அது வெயில் ஏறும் காலம், உப்பு விளையும் காலம்.

அதைத் தாண்டிக் கோடியக்காடு. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடு அது. கடற்காற்றில் தனித்திருக்கிறாரே என்று இறைவனை நினைத்துச் சுந்தரர் வருந்திப் பாடிய குழகர் கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காற்றை வரைய முடியும். மரங்களின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் பார். புல்வெளியில் வெளிமான் மேயும். இந்தப் பகுதி 1967 முதல் சரணாலயம் என்பதால் வனத்துறையின் அனுமதியோடு போ. மேற்கே விரியும் சதுப்புக்குள் உள்ளூர்க்காரர் துணையின்றிக் கால் வைக்காதே. ‘பொன்னியின் செல்வ’னில் வந்தியத்தேவன் புதைசேற்றில் சிக்குவதைப் படித்திருப்பாய். அங்கே சேறு கதையில் மட்டும் இல்லை.

தை மாதத்தில் சதுப்பு மழைநீரால் நிறைந்திருக்கும். பூநாரைகள் அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்றிலிருந்து இரையை வடிகட்டித் தின்னும். அவற்றின் ரோஜா நிறம் அந்த இரையில் உள்ள நிறமிகளிலிருந்து வருவது. அதாவது உப்பளத்தில் பார்த்த நீரின் நிறமும் பறவையின் நிறமும் உறவுடையவை. இரண்டையும் ஒரே தட்டில் கலந்து பார். பறவைகள் அருகில் வேண்டும் என்று அவற்றைக் கிளப்பிவிடாதே. நெடுந்தூரம் பறந்து வந்தவற்றுக்கு இரையெடுக்கும் நேரம் உயிருக்குச் சமம். புள்ளிகளாகத் தெரிந்தால் புள்ளிகளாகவே வரை. அந்தத் தொலைவுதான் சதுப்பின் அளவைக் காட்டும்.

ஒருமுறை போனால் போதாது, சித்திரையிலும் போ. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை போயிருக்கும். நீர் ஒடுங்கி, தரை வெடித்து, உப்புக் குவியல்கள் வெளுத்து நிற்கும். அதே இடத்தில் நின்று அதே காட்சியை மறுபடி வரை. அழகான நிலம் என்று பொதுவாகப் பேசுவதிலிருந்து உன்னைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது படம்தான்.

கண்காட்சி வைக்குமுன் இரண்டு படங்களையும் அகஸ்தியம்பள்ளி உப்பளத் தொழிலாளி ஒருவரிடம் காட்டு. இது எந்த மாதம் என்று அவர் தயங்காமல் சொன்னால் உன் கை தேறிவிட்டது. தயங்கினால், எதைப் பார்த்துத் தயங்கினார் என்று கேட்டுக்கொள். உனக்கு அவரைவிடச் சிறந்த ஆசிரியர் அந்த வட்டாரத்தில் கிடைக்க மாட்டார்.

அன்புடன்,
உன் அண்ணன்