புது வீடும் மேல்தள வெப்பமும்

கூரை வீட்டை விட்டு கான்கிரீட் வீட்டில் குடிபுகும் குடும்பத்திற்கு மழையைப் பற்றிய கவலையும் தீயைப் பற்றிய அச்சமும் பெரிதும் நீங்குகின்றன. ஆனால், சித்திரை, வைகாசி மாதங்களில் இரவில் உறங்க இயலவில்லை என்ற குறை புதிதாகப் பிறக்கிறது. 2024-25ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின்கீழ் 360 சதுர அடி அளவில் வீடுகள் எழும்பியுள்ளன. இத்தகைய சிறு வீட்டில் தளம் காய்ந்தால் ஒதுங்கிப் படுக்க வேறு அறை ஏது? ஆகவே, வெப்பத் தடுப்பு செல்வருக்கு மட்டும் உரிய விஷயமன்று.

வெப்பம் இறங்குவது எப்படி?

கீற்றுக்கும் வைக்கோலுக்கும் இடையில் அசையாத காற்று தங்கி நிற்கிறது. அக்காற்றே வெயிலைத் தடுக்கிறது. கான்கிரீட்டில் அவ்வாறு காற்று இல்லை. அது பகல் முழுதும் வெப்பத்தை உண்டு, இரவில் வீட்டினுள் உமிழ்கிறது.

நுரைத் தெளிப்பு என்றால் என்ன?

1937ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்னும் இரசாயன அறிஞரும் அவருடைய துணைவர்களும் கண்டறிந்த பொருள் பாலியூரிதேன். இரண்டு திரவங்களைக் குழாய் முனையில் கலந்து தெளித்தால், அவை நுரைத்துப் பொங்கிச் சிறிது நேரத்தில் இறுகுகின்றன. வைக்கோலில் காற்று செய்யும் வேலையை, இந்நுரையின் நுண்ணிய அறைகளில் அடைபட்ட வாயு செய்கிறது. வெப்பத்தைத் தடுப்பதில் ஓர் அங்குல நுரை, நான்கடிக்கு மேற்பட்ட கனமுள்ள கான்கிரீட்டுக்கு நிகராகும். எடையோ மிகக் குறைவு.

இதில் இருவகை உண்டு. அறைகள் திறந்துள்ள மென்மையான நுரை நீரை உறிஞ்சும்; மேல்தளத்திற்கு ஆகாது. அறைகள் மூடிய கெட்டி நுரையையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது, தளத்தின் ஈரம் முற்றும் உலர்ந்த பின்னரே நுரை தெளிக்க வேண்டும். ஈரத்தில் அது ஒட்டாது. அதற்கு முன்பே தளத்தில் நீர் தேக்கிக் கசிவைச் சோதித்து, மழைநீர் வடியும் வாட்டத்தையும் சரிபார்த்தல் அவசியம். கசியும் தளத்தை நுரையால் மூடுவது, புண்ணை ஆற்றாமல் கட்டுப்போடுவதை ஒக்கும்.

இரண்டாவது, வெயில் பட்டால் நுரை பொடிந்து போகும். அதன்மேல் சிமெண்ட் தளமோ, உரிய காப்புப் பூச்சோ இடவேண்டும். சிமெண்ட் தளம் இடுவதாயின், அதன் எடையைத் தளம் தாங்குமா என்று முன்னதாகவே பொறியாளரைக் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, இந்நுரை எரியக்கூடியது. எரியும்போது எழும் புகை நஞ்சாகும். வீட்டின் உட்புறத்திலோ, தகரக் கொட்டகையின் அடியிலோ, அடுப்புக்கு மேலோ மூடாத நுரையை ஒருபோதும் விடலாகாது.

நான்காவது, தெளிக்கும்போது எழும் ஆவி ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. தெளிப்பவர் தக்க முகக்கவசம் அணிய வேண்டும். வீட்டார் ஒரு நாளேனும் வெளியே தங்குவது நலம். குழந்தைகளையும் கால்நடைகளையும் அருகில் விடலாகாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கையில் பணம் குறைவாயின், மேல்தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவதே முதற்படி. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். ஆண்டுதோறும் கோடைக்கு முன் பூச்சைப் புதுப்பித்தால் போதும். அடுத்தது, நம் கொத்தனார்கள் நன்கறிந்த செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும். அது தீப்பற்றாது, நீர் வடிய வாட்டமும் அமைக்கலாம். ஆனால் பாரம் மிகுதி. வீட்டின் திட்டம் தீட்டும்போதே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பாரம் ஏற்ற முடியாத தளத்திற்கும், கூடுதல் பாதுகாப்பு வேண்டுவோருக்குமே நுரை ஏற்றது.

எதைச் செய்தாலும் வெப்பத் தடுப்பு குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. வெயில் இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. இரவில் சன்னல்களைத் திறந்து, அடுப்பின் வெப்பம் வெளியேற வழி செய்தால்தான் முழுப்பயன் கிட்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் ஊரில் வீடு கட்டுவோரை அழைத்து, தளம் போடுமுன்பே இவற்றை எடுத்துரைப்பார்களாக. நுரை விற்க வருபவரிடம் அதன் வகை, கனம், மேல்மூடும் முறை, பொறுப்பேற்கும் காலம் ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் கொடுக்குமாறு அறிவுறுத்துவார்களாக. கடன் பட்டுக் கட்டிய வீட்டில் குடியானவன் நிம்மதியாக உறங்குவதும் கிராம முன்னேற்றமே அன்றோ?