கொலனோஸ்கோப்பி பழகும் இளம் மருத்துவருக்கு

அடினோமா வகைப் பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் அதைக் கண்டு வெட்டி எடுத்துவிட்டால் பெருங்குடல் புற்று வராமலே தடுக்கலாம். பழகத் தொடங்கும் மருத்துவருக்கு ஸ்கோப்பை சீக்கம் வரை கொண்டுபோவதுதான் பெரிய காரியமாகத் தெரியும். குடல்வால் துளையையும் இலியோசீக்கல் வால்வையும் படமெடுத்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. பாலிப்பைத் தேடுவது திரும்பி வரும் வழியில்.

அமெரிக்காவின் ராக்ஃபோர்டில் 12 அனுபவமிக்க மருத்துவர்களை ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளியானது. ஸ்கோப்பை வெளியே எடுக்கச் சராசரியாக 6 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டவர்கள் 28.3 சதவீதம் பேரிடம் அடினோமா போன்ற கட்டிகளைக் கண்டார்கள். அவசரப்பட்டவர்கள் கண்டது 11.8 சதவீதம் பேரிடம். 2024-இன் அமெரிக்க வழிகாட்டுதல் சராசரி 8 நிமிடம் கேட்கிறது. கடிகாரம் மட்டும் பாலிப்பைக் காட்டாது என்பது வேறு விஷயம். ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் ஸ்கோப்பின் நுனியை வளைத்துப் பார்க்க வேண்டும்; தேங்கிய நீரை உறிஞ்சி, ஒட்டியதைக் கழுவி, குடலை நன்றாக விரிக்க வேண்டும். வலப்பக்கக் குடலை இரண்டு முறை பார்ப்பது நல்லது. அங்கே வரும் செரேட்டட் வகைப் புண் தட்டையாக, மஞ்சள் சளி மூடிக் கிடக்கும். கழுவினால்தான் அடியில் ரத்தக்குழாய் வரிகள் மறைந்திருப்பது தெரியும்.

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் இதெல்லாம் வீண். பேதி மருந்தில் பாதியை முந்தின இரவும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்னும் குடிப்பதே சிறந்தது. இதை நோயாளியின் வீட்டாருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். மலம் தேங்கிய குடலை ஒப்புக்குப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதுவது பார்க்காமல் விடுவதைவிடக் கேடு; நோயாளி பத்தாண்டு அதை நம்பியிருப்பார். சுத்தம் போதவில்லை என்று அறிக்கையில் எழுதி, ஓராண்டுக்குள் மறுபடி வரச் சொல்வதே முறை.

மருத்துவரின் திறனை அளக்கும் முக்கியக் கணக்கு அடினோமா கண்டறியும் விகிதம். கலிபோர்னியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை ஆராய்ந்த 2014 ஆய்வில், இந்த விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடக்கூட, பின்னாளில் அந்த நோயாளிகளிடம் புற்று தோன்றும் அபாயம் 3 சதவீதம் குறைந்தது. 45 வயதைக் கடந்தோரின் ஸ்கிரீனிங்கில் இப்போதைய இலக்கு குறைந்தது 35 சதவீதம். தன் எண்ணைத் தானே எழுதி வைக்காத மருத்துவருக்குத் தான் எதைத் தவறவிடுகிறோம் என்பது தெரிய வழியில்லை.

கண்டதை முழுமையாக எடுப்பதும் மருத்துவரின் திறனில் அடங்கும். 10 மில்லிமீட்டருக்கும் குறைவான பாலிப்பை மின்சாரம் பாய்ச்சாத கோல்டு ஸ்நேரால், சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு அறுத்தெடுக்கலாம். ஃபோர்செப்ஸால் கிள்ளினால் மிச்சம் தங்க வாய்ப்புண்டு. பெரிய, தட்டையான பாலிப்பைப் பாதி வெட்டிவிட்டால் தழும்பு விழுந்து அடுத்தவரின் வேலை கடினமாகும். அதை வெட்டாமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, கைதேர்ந்தவரிடம் அனுப்ப வேண்டும்.