பழைய காரில் டிஸ்க் பிரேக்: பிடிப்புக் குறைந்தால் எங்கே தேடுவது?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் போன்ற பழைய கண்டோன்மென்ட் பகுதிகளில், பங்களா முகப்பில் உறை போர்த்திய பழைய கார்களை இன்றும் காணலாம். அவற்றுள் ஒன்று, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று கொள்வோம். அதன் நான்கு சக்கரங்களிலும் இருந்தவை டிரம் பிரேக்குகளே. புதுப்பிக்கும்போது முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பொருத்துவோர் உண்டு. செலவு செய்து மாற்றிய பின்னர், "முன்பிருந்த பிடிப்புக்கூட இல்லையே" என்று திகைப்போரும் உண்டு. அத்திகைப்புக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

குறை எங்கே பிறக்கிறது?

டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்மே முன்புறக் கட்டையைத் தன்னுடன் இழுத்து அழுத்தத்தைப் பெருக்கிக்கொள்கிறது. டிஸ்க்கில் அத்தகைய தன்னுதவி இல்லை. கால் கொடுக்கும் விசையை மட்டுமே அது நம்பியுள்ளது. எனவே டிஸ்க்குக்குக் கூடுதல் எண்ணெய் அழுத்தம் தேவை. டிரம்முக்கென அமைந்த மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டால் பிடிப்புக் குறைவது இயல்பே.

விசையைப் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். முக்கால் அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலாக ஐந்தேகால் நூலன்று, ஐந்து நூல் (5/8 அங்குலம்) சிலிண்டர் வைத்தால், அதே கால் விசைக்கு 44 சதவீதம் அதிக அழுத்தம் கிடைக்கும். பெடல் இறங்கும் தூரமும் அதே அளவு கூடும். "பெரிய சிலிண்டர் பெரிய பலம் தரும்" என்னும் எண்ணம் தவறு.

பெடல் சொல்லும் செய்தி

எதையும் கழற்றுமுன், வண்டியை நிறுத்திவைத்துப் பெடலை அழுத்திப் பாருங்கள்.

1. பஞ்சுபோல் அமுங்கினால், குழாயில் காற்று இருக்கக்கூடும். காலிப்பரின் காற்று நீக்கும் நிப்பிள் மேற்புறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம், வலம் மாறிப் பொருத்தியிருந்தால் நிப்பிள் கீழே போய்விடும். எத்தனை முறை பிளீடிங் செய்தாலும் காற்று வெளியேறாது. உப்பும் பழைய ரப்பர் ஹோஸும் இதே உணர்வைத் தரும்.

2. முதல் மிதியில் ஆழமாக இறங்கி, அடுத்தடுத்த மிதியில் உயர்ந்தால், பின்சக்கர டிரம்மின் இடைவெளியைச் சரிசெய்யுங்கள். டிஸ்க் நெளிந்து சுழன்று பேடுகளைப் பின்னே தள்ளினாலும் இவ்வாறாகும். நெளிவு பொதுவாக 0.1 மி.மீ.க்கு மேற்படலாகாது.

3. அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல மெல்ல இறங்கினால், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். அல்லது எங்கேனும் கசிவு இருக்கலாம். அந்நிலையில் வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது.

4. கல்போல் கடினமாக இருந்தும் வண்டி நிற்கவில்லையெனில், சர்வோ, பேடு, காலிப்பர் பிஸ்டன் ஆகியவற்றை நோக்குங்கள். எஞ்சினை அணைத்துப் பெடலைப் பலமுறை மிதித்து, அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் சிறிது இறங்கினால் சர்வோ வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வெற்றிடக் குழாயையும் அதன் வால்வையும் சோதியுங்கள்.

5. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், எதிர்ப்பக்கப் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். வாரக்கணக்கில் நின்றே கிடக்கும் கார்களில் இது அடிக்கடி நேர்வது.

மலையும் எண்ணெயும்

வெற்றிட சர்வோ காற்றழுத்தத்தால் இயங்குவது. சுமார் 920 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. உதகையிலோ கால் பங்களவு குறைவு. சர்வோவின் உதவியும் அதற்கேற்பக் குறையும். நகரில் "பரவாயில்லை" என்று தோன்றும் பிரேக், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சரிவில் போதாமற் போகலாம்.

பிரேக் ஆயில் ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். சரிவில் ஆயில் கொதித்தால் பெடல் வெறுமையாய்த் தரை தொடும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரிலேயே செல்லுங்கள்.

முடிவாக

புதிய பேடுகள் முதல் நாளே முழுப் பிடிப்புத் தருவதில்லை. வெறிச்சோடிய சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ.க்கு மிதமாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பத்து முறை பழக்குங்கள். பிரேக் அமைப்பை மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம், இழப்பீடு கோரும் வேளையில் தகராறுக்கு இடமாகலாம்.

வண்ணப்பூச்சுக்கும் மெருகுக்கும் ஒதுக்கும் தொகையில் முதற்பங்கு பிரேக்குக்கு உரியது. ஓடாத கார் வீட்டின் முகப்பில் அழகாய் நிற்கும். நிற்காத கார் உயிருக்கே விலை கேட்கும்.