பிழை தேடும் பரிணாமம்

கணினி நிரலில் பிழை உண்டா என்றறியப் பலவித உள்ளீடுகளைக் கொடுத்துப் பார்க்கிறோம். கையால் எத்தனை கொடுக்க முடியும்? இங்கே பரிணாம முறை துணைக்கு வருகிறது. கணினி ஓர் உள்ளீட்டைச் சிறிது சிறிதாக மாற்றும். நிரலில் அதுவரை இயங்காத பகுதியை இயக்கும் மாற்றத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அதிலிருந்தே அடுத்த தலைமுறை பிறக்கும்.

2014இல் மிஹாவ் சலெவ்ஸ்கி, தாம் உருவாக்கிய ஏ.எப்.எல். என்னும் கருவிக்கு 'ஹலோ' என்ற சொல்லை மட்டும் கொடுத்து, ஜேபெக் படங்களைப் படிக்கும் நிரலைச் சோதிக்கச் செய்தார். படம் எப்படி அமையும் என்று அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. சுமார் 6 மணி நேரத்தில் அதுவே ஒரு படத்தை உண்டாக்கிவிட்டது! நிரலின் உள்ளே ஒளிந்திருக்கும் பிழைகளையும் இவ்வாறு எட்டலாம்.

ஆயினும் தோழியரே, நிரல் நிலைகுலைந்து நின்றால்தான் இக்கருவி கண்டுகொள்ளும். தவறான விடை தந்தால் அறியாது. சரியான விடை எதுவென்று நாமே சொல்லவேண்டும்.