வால் காயம்பட்ட ஜெர்பிலைப் பராமரிப்பது எப்படி? டெல்டா வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

பிள்ளைகள் ஆசையாக வாலைப் பிடித்துத் தூக்கியிருப்பார்கள். இல்லாவிட்டால் கூண்டு மூடியை இறக்கும்போது வால் இடுக்கில் மாட்டியிருக்கும். அடுத்த நொடியில் நுனிக் குஞ்சத்தோடு தோல் மட்டும் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே ஈரமாகப் பளபளக்கும் சிவந்த தண்டு மட்டும் உடம்பில் நிற்கும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் காட்சிதான். ஆனால் ஜெர்பில் வளர்ப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் காயம் இது. ஒழுங்காகக் கவனித்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் இந்தக் காயத்தைப் பார்த்துக்கொள்வதில் தனிச் சிரமங்கள் இருக்கின்றன. காற்றில் எப்போதும் ஈரம். வீட்டைச் சுற்றி எறும்பும் ஈயும். கால்நடை மருந்தகத்துக்குப் போனால் வரிசையில் நிற்பவை மாடும் ஆடும் கோழியும். காயத்தால் சாவதைவிட, அதைச் சுற்றியிருக்கும் இவற்றால் ஜெர்பில் சாவதற்கே வாய்ப்பு அதிகம். அதனால் மருந்தைவிட இடத்தைப் பற்றி இங்கே கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன்.

வால் ஏன் இப்படிக் கழல்கிறது?

வளர்ந்த ஜெர்பில் 60 முதல் 100 கிராம் எடை இருக்கும். வால் ஏறக்குறைய உடம்பளவு நீளம். வாலின் தோல் மெல்லியது, உள்தண்டோடு இறுக ஒட்டாதது. ஆந்தையோ நரியோ வாலைக் கவ்வினால் தோலை விட்டுவிட்டு ஓடிப் பிழைக்க இயற்கை கொடுத்த வழி இது. பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும், ஜெர்பிலுக்கு முளைக்காது. போன தோல் போனதுதான். அதை எடுத்து ஒட்டவைக்க முயலாதீர்கள்.

முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள்

70 கிராம் ஜெர்பிலின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தம் சுமார் 5 மில்லி, அதாவது ஒரு சிறு தேக்கரண்டி. நமக்குச் சில சொட்டாகத் தெரிவது அதற்குப் பெரிய இழப்பு. சுத்தமான காஸ் துணியால் காயத்தின் மேல் மெதுவாக அழுத்திச் சில நிமிடங்கள் பிடித்திருங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொள்ளும். நிற்கிறதா என்று நொடிக்கொருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் பிய்ந்துவிடும்.

இரண்டு கைகளையும் குழித்துச் சேர்த்து, அதற்குள் உட்காரவைத்துப் பிடியுங்கள். சில ஜெர்பில்களுக்கு மிரண்டால் வலிப்பு வரும். காது பின்னோக்கி மடங்கி, உடம்பு வெட்டி இழுக்கும், அல்லது அப்படியே விறைத்து நிற்கும். அப்போது கையை எடுத்துவிட்டு, கூண்டில் இறக்கி, விளக்கை அணைத்து, சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள். பொதுவாகச் சில நிமிடங்களில் தானாகத் தெளிந்துவிடும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

சுமார் பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லையென்றால் மற்ற படிகளை விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் கிளம்புங்கள்.

எந்த மாதிரிக் காயம்?

குஞ்சம் மட்டும் உதிர்ந்து தோல் முழுசாக இருந்தால் சுத்தமாக வைத்திருந்தாலே போதும். தோல் கழன்று தண்டு தெரிந்தால் அன்றோ மறுநாளோ டாக்டர் பார்க்க வேண்டும். வால் ஓரிடத்தில் மடங்கித் தொங்கினால் எலும்பு முறிந்திருக்கலாம். அடிவாலில், அதாவது முதுகோடு சேரும் இடத்தில் காயம் இருந்தாலோ, பின்னங்கால் இழுத்துக்கொண்டாலோ, மூத்திரம் போகவில்லை என்றாலோ அது அவசரம்.

கழுவுவது எதால்?

மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் நல்லது. இல்லையென்றால் அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 4.5 கிராம் உப்பைக் கரையுங்கள். தலைதட்டிய ஒரு சிறு தேக்கரண்டியைவிடச் சற்றுக் குறைவாக வரும். ஊசி இல்லாத சிரிஞ்சால் காயத்தின் மேல் மெல்ல விடுங்கள். போவிடோன் அயோடின் கரைசலை வெளிர் பழுப்பு நிறம் வரும்வரை தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து ஒருமுறை ஒற்றலாம். பிறகு காஸால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் காயம் என்றதும் கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போகும். மஞ்சள்தூளைத் தண்டின் மேல் அப்பினால் குப்பை சேர்ந்து பொருக்குக் கட்டும், அடியில் சீழ் பிடிப்பது வெளியே தெரியாது. தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் ரோமத்தில் இறங்கிவிடும், அதை நக்கியே ஜெர்பில் வயிறு கெடுக்கும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் திசுவை எரிக்கும். மாட்டுப் புண்ணில் புழு வந்தால் டர்பென்டைன் விடுவதும், ஈ விரட்டும் ஸ்பிரே அடிப்பதும் இங்கே பழக்கம். 400 கிலோ மாடு தாங்குவதை 70 கிராம் உயிர் தாங்காது. மரத்துப்போகச் செய்யும் களிம்புகளும் ஆகாது. கட்டுப் போட்டால் கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும்.

கூண்டுக்குள் என்ன மாற்ற வேண்டும்?

உமியை எடுத்துவிடுங்கள். டெல்டாவில் மலிவாக மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது என்பதால் பலரும் உமிதான் பரப்புகிறார்கள். அதன் முனைகள் சொரசொரப்பானவை, தூசி அதிகம், ஈரக் காயத்தில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். வைக்கோலும் வேண்டாம். ஐப்பசி மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலில் கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை இருக்கும். மணமில்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரை நீளநீளமாகக் கிழித்துப் போடுங்கள். தினமும் மாற்றுங்கள்.

மணல் குளியல் பாத்திரத்தைக் காயம் மூடும்வரை வெளியே வையுங்கள். கம்பி இடைவெளி உள்ள சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள். பல ஜெர்பில்களின் வால் போவதே அதில்தான். ஒளிய இடமாகச் சாயம் பூசாத சிறு மண்சட்டியைப் படுக்கவைக்கலாம். மண் குளுமையாக இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சும்.

ஈரம்தான் முதல் எதிரி

ஜெர்பிலின் பூர்வீகம் மங்கோலியாவும் வடசீனமும் சேர்ந்த வறண்ட புல்வெளி. 1866இல் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் வடசீனத்திலிருந்து பாரிஸுக்கு அனுப்பிய பிறகுதான் ஐரோப்பிய விஞ்ஞானிகளுக்கே இந்தப் பிராணி தெரியவந்தது. துளித்துளியாக மூத்திரம் பெய்து தண்ணீரைச் சேமிக்கும் உடம்பு அதற்கு. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் ரோமம் பிசுபிசுத்துத் திரிதிரியாக நிற்கும். டெல்டாவிலோ வருஷத்தின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை சுவரே வியர்க்கும்.

தோல் கழன்ற தண்டு நன்றாக உலர வேண்டும். உலர்ந்தால் கறுத்துச் சுருங்கி, பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானாக உதிரும், அல்லது ஜெர்பிலே கடித்து எடுத்துவிடும். உலராமல் நசநசவென்று இருந்தால் அழுகல் மேல்நோக்கி ஏறும். ஆகவே கூண்டைத் தரையிலிருந்து தூக்கி, வெளிச்சுவரை ஒட்டாமல், கொல்லைப்பக்கத்திலிருந்தும் சமையலறை ஆவியிலிருந்தும் விலக்கி, வீட்டின் நடு அறையில் வையுங்கள். மின்விசிறிக் காற்று அறைக்குள் சுழலட்டும், கூண்டின் மேல் நேராக அடிக்க வேண்டாம். ஏசி அறை இருந்தால் மழைக்காலத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை.

கத்திரி வெயிலில் கூண்டின் மேல் ஈரத்துணி போர்த்துவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். சூடும் ஈரமும் சேர்ந்தால் இரட்டை ஆபத்து. அதற்குப் பதில் ஒரு மொசைக் கல்லையோ டைல்ஸ் துண்டையோ உள்ளே போடுங்கள். தேவைப்பட்டால் அதன் மேல் போய்ப் படுத்துக்கொள்ளும்.

எறும்பும் ஈயும்

ரத்த வாடைக்கு எறும்பு ஒரே ராத்திரியில் சாரை போட்டு வந்துவிடும். மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பலகாரத்துக்கு நம் பாட்டிகள் செய்த அதே ஏற்பாடுதான். கிண்ணத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசு முட்டையிடும். மேசை சுவரைத் தொடக்கூடாது, திரைச்சீலை மேசையைத் தொடக்கூடாது. எறும்பு மருந்துக் கட்டியால் கோடு போடாதீர்கள், அது பூச்சிக்கொல்லி. கொசுவர்த்திப் புகையும் கூடாது.

ஈக்கு நைலான் கொசுவலை. பகலில் கூண்டைச் சுற்றிப் போர்த்துங்கள், ஆனால் கடித்து இழுக்க எட்டாத தூரத்தில். காயத்தில் வெள்ளையாக அரிசி நொய்போல ஏதாவது ஒட்டியிருந்தால் ஈ முட்டையாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

போவதற்கு முன் போன் செய்து, எலி இனச் சிறு பிராணிகளைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைச் சாலையில் ஒரத்தநாட்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2012இல் தொடங்கப்பட்டது. அங்கே விசாரிக்கலாம்.

மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாவில் காற்றோட்டத் துளையிட்டு, டிஷ்யூவும் கொஞ்சம் தானியமும் ஒரு வெள்ளரித் துண்டும் போட்டு எடுத்துப் போங்கள். ஜெர்பிலால் வாந்தி எடுக்க முடியாது; மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும் நாய், பூனைக்குப் போலப் பட்டினி போடத் தேவையில்லை. கிராம் காட்டும் சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான்.

மறக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்து ஜெர்பிலின் நரம்பையும் தசையையும் முடக்கி, மூச்சை நிறுத்தி, சில நிமிடங்களில் உயிரை எடுத்துவிடக்கூடியது. பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த ஊசி மாடுகளுக்கு வெகுகாலமாகப் பழக்கத்தில் இருப்பது. ஜெர்பிலை அபூர்வமாகப் பார்க்கும் டாக்டரிடம், “இதுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஒத்துக்காதுன்னு படிச்சேன், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க டாக்டர்” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள்.

தண்டு நீளமாகத் தெரிந்தால் மயக்கம் கொடுத்து, நல்ல தோல் இருக்கும் இடம்வரை வெட்டித் தைப்பார். வலிக்கு மருந்து தருவார். நாம் சாப்பிடும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

சாப்பாடு

வழக்கமான தீனியே போதும். தினை, கம்பு, சாமை, இரண்டு மூன்று சூரியகாந்தி விதை. புண் ஆறும் நாட்களில் வேகவைத்த முட்டை வெள்ளைக்கருவில் நகக்கண் அளவு கொடுக்கலாம். மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீர்ப் பாட்டிலின் முனை அடைக்காமல் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

ஜோடியைப் பிரிக்கலாமா?

ஜெர்பில் தனியாக வாழப் பிறந்ததில்லை. கூட்டாளி காயத்தை நக்குவதோடு நிறுத்திக்கொண்டால் சேர்த்தே விடுங்கள். கடித்தால் அதே தொட்டியில் நடுவே சிறுகண் கம்பிவலை வைத்துத் தடுத்து, தினமும் பக்கம் மாற்றி விடுங்கள். வேறு அறைக்குக் கொண்டுபோய்ச் சில நாள் வைத்துத் திரும்பச் சேர்த்தால் வாசனை மறந்து ரத்தம் வரச் சண்டை போடும்.

தினமும் பார்க்க வேண்டியவை

காலை, மாலை வாலைத் தொடாமல் பாருங்கள். சிவப்பு மேலேறுகிறதா, வீக்கம், சீழ், நாற்றம் இருக்கிறதா? முதுகைக் கூனிக்கொண்டு கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தால் வலி இருக்கிறது. கண்ணோரத்திலும் மூக்கிலும் செந்நிறக் கசிவு வந்தால் அது ரத்தமில்லை, கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியின் கசிவு. உடம்பு சங்கடப்படுவதற்கு அடையாளம். தீனியைத் தொடவில்லையென்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஆறிய பிறகு பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும்போது முதலில் தடுமாறும். சீக்கிரம் பழகிவிடும்.

வயலில் அடிபட்ட வெள்ளெலி கிடைத்தால்

ஜெர்பிலின் உறவு நம் வரப்பிலேயே இருக்கிறது. நுனியில் கருங்குஞ்சம் கொண்ட நீண்ட வாலுள்ள வெள்ளெலி அதே குடும்பம்தான். சம்பா அறுவடையில் மடை வெட்டும்போதோ, தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறியில் அரைகுறையாக மாட்டியோ வால் அறுந்த ஒன்றைப் பிள்ளைகள் இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருவதுண்டு. மேலே சொன்ன எதையும் அதற்குச் செய்யாதீர்கள், வளர்க்கவும் வேண்டாம். வயல் எலிகளின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். தடித்த துணியால் மூடி, டப்பாவில் ஏற்றி, ஓடும் தெம்பு இருந்தால் சாயங்காலம் வரப்போரப் புதரில் விட்டுவிடுங்கள். அசைய முடியாமல் கிடந்தால் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிள்ளையைக் கடித்திருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலி கடித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.