ஒருவர் பாவத்துக்கு மற்றவர் பொறுப்பா?



பிறந்து வளர்ந்த மதத்தை விட்டு ஒருவன் விலகுவது இலேசான காரியமன்று. பெற்றவர்கள் மனம் வருந்தும். உடன்பிறந்தவர்கள் முகம் திருப்புவார்கள். உத்தியோகம் போனாலும் போகும். இத்தனையையும் அறிந்தே ஒருவன் விலகுகிறான் என்றால், அவன் உள்ளத்தை உறுத்தியது எது என்று நாம் ஆராய வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இப்படி விலகியவர்கள் பலர். விஞ்ஞானம் வளர்ந்ததால் மதம் போயிற்று என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அது பாதி உண்மைதான். அவர்களில் பலரை விலகச் செய்தது ஒழுக்கம் பற்றிய ஒரு கேள்வி: "நீதியுள்ள இறைவன் இப்படிச் செய்வானா?"

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு நம் மார்க்கம் தரும் விடையையும், அது நம்மீது சுமத்தும் பொறுப்பையும் இம்மாதப் பாடத்தில் பார்ப்போம். பிறர் மதத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. பிறர் வணங்குபவற்றை ஏசக்கூடாது என்று திருமறையே (6:108) நம்மைத் தடுத்திருக்கிறது.

ஊழியம் செய்யப் போனவர்

பிரான்சிஸ் வில்லியம் நியூமன் என்பவர் 1805ல் பிறந்தவர். பிற்காலத்தில் கத்தோலிக்க மதத்தின் கர்தினாலாக உயர்ந்த ஜான் ஹென்றி நியூமனின் தம்பி. ஆக்ஸ்போர்டில் கிரேக்க, லத்தீன் இலக்கியத்திலும் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறி, அங்கேயே பெல்லோ என்னும் பதவியும் பெற்றார். ஆனால் மேற்பட்டம் பெற வேண்டுமானால் ஆங்கிலத் திருச்சபையின் 39 விதிகளையும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் முதலியவற்றை அவர் மனச்சாட்சி ஏற்கவில்லை. 1830ல் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு, வேதத்தின்மீது தாம் கொண்ட பற்றினால், முஸ்லிம்களுக்குக் கிறிஸ்தவத்தைப் போதிக்கப் பக்தாது நகரை நோக்கிப் புறப்பட்ட ஒரு சிறு கூட்டத்தோடு சேர்ந்து போனார்.

வழியில் ஹலப் என்னும் அலெப்போ நகரில் பல மாதங்கள் தங்க நேர்ந்தது. அங்கே ஒரு முஸ்லிம் தச்சரோடு அவர் பேசினார். இன்ஜீல் பற்றி முஸ்லிம்கள் கொண்டிருக்கும் கருத்து தவறு என்று விளக்க முயன்றார். தச்சர் குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்டார். பிறகு தம் பதிலைச் சொன்னார். உங்கள் மக்களுக்கு அல்லாஹ் எத்தனையோ நலன்களைக் கொடுத்திருக்கிறான்; நல்ல கப்பல், கூரான கத்தி, நல்ல துணி, கற்றோர் எழுதிய நூல்கள் எல்லாம் அவன் கொடையே; ஆனால் உண்மை மார்க்கத்தின் அறிவு ஒன்றை மட்டும் உங்களுக்குத் தராமல் எங்களுக்குத் தந்திருக்கிறான் என்பது அவர் சொன்னதன் கருத்து.

இந்தச் சம்பவத்தை நியூமன் 1850ல் வெளியிட்ட தம் வாழ்க்கை விளக்கத்தில் தாமே எழுதியிருக்கிறார். அப்போது தாம் வாயடைத்துப் போனதாகவும், பின்னர் எண்ண எண்ண அதில் பாடம் இருப்பதை உணர்ந்ததாகவும் சொல்கிறார். ஒரு மனிதனின் ஒழுக்க உணர்வைத் தொடாத வாதம் வீண் என்பது அவர் கண்ட முதல் பாடம். கல்விக்குச் செருக்கு இருப்பதுபோல அறியாமைக்கும் ஒரு செருக்கு உண்டு என்பது இரண்டாவது பாடம். இந்த இரண்டாவது பாடம் நம்மைக் குத்துகிறது என்பதற்காக அதை மறைத்துவிட வேண்டாம். அதற்கும் பின்னால் வருவோம்.

1833ல் நியூமன் ஊர் திரும்பினார். கொள்கை பிசகியவர் என்று நண்பர்கள் ஒதுக்கினார்கள். அண்ணனும் விலகி நின்றார். மெல்ல மெல்லத் திருச்சபையின் போதனைகளை ஒவ்வொன்றாக அவர் கைவிட்டார். இறைவன் ஒருவன் உண்டு என்ற நம்பிக்கையை மட்டும் விடவில்லை. அவர் இஸ்லாத்துக்கு வந்தார் என்று யாரும் சொன்னால் அது பொய்யாகும், வரவில்லை. இறுதியில் ஈஸா நபி (அலை) அவர்களின் குணநலனையே குறை கூறும் அளவுக்குப் போனார். அங்கே நாம் அவரோடு போக முடியாது. திருச்சபையின் போதனை வேறு. அல்லாஹ்வின் கண்ணியமிக்க தூதர் வேறு.

உறுத்திய மூன்று போதனைகள்

இவரைப் போன்றோரை உறுத்தியவை மூன்று. ஆதாமின் பாவம் பிறக்கும் குழந்தையின் மேலும் இருக்கிறது என்ற ஜென்மபாவக் கொள்கை முதலாவது. 39 விதிகளில் 9ஆவது விதி, பிறக்கும் ஒவ்வொருவரிடமும் உள்ள அந்தப் பாவம் தேவகோபத்துக்கு உரியது என்றே கூறுகிறது. குற்றவாளிகளுக்குப் பதிலாகக் குற்றமற்ற ஒருவர் தண்டனை ஏற்றார் என்ற பரிகாரக் கொள்கை இரண்டாவது. விசுவாசம் கொள்ளாதவர்களுக்கு முடிவில்லாத நரகம் என்பது மூன்றாவது.

சார்லஸ் டார்வின் பெயரைக் கேட்டதும் குரங்குக் கதைதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அவரும் பாதிரியாராகும் எண்ணத்தோடு கேம்பிரிட்ஜில் படித்தவர்தாம். அவர் நம்பிக்கை இழந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றை 1876ல் தம் குடும்பத்தாருக்காக எழுதிய சுயசரிதையில் குறித்திருக்கிறார். நம்பாதவருக்கு நித்திய தண்டனை என்பது உண்மையானால், தம் தந்தை, தமையன், நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் அதில் அகப்படுவார்களே என்று மனம் கொதித்து, அப்போதனையைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார். மதப்பற்றுள்ள அவர் மனைவி எம்மாவின் விருப்பப்படி, 1887ல் நூல் வெளிவந்தபோது அப்பகுதி நீக்கப்பட்டது. 1958ல் பேத்தி நோரா பார்லோ முழுமையாக வெளியிட்ட பிறகே உலகம் அதைப் படித்தது.

திருச்சபைக்குள்ளேயே இக்கேள்வியை எழுப்பியவர்கள் என்ன ஆனார்கள்? பிரெடரிக் டெனிசன் மாரிஸ் என்ற பேராசிரியர் நித்திய தண்டனை பற்றி மாறுபட்டு எழுதியதற்காக 1853ல் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பதவியை இழந்தார். 1864ல் இதே விஷயம் பிரிவி கவுன்சில் வரை வழக்காகப் போயிற்று. குற்றம் சாட்டப்பட்ட குருமார் விடுவிக்கப்பட்டனர். உடனே சுமார் 11,000 குருமார்கள் நித்திய தண்டனையை உறுதிப்படுத்தி அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கேள்வி கேட்டவனுக்கு விடை கிடைக்கவில்லை, கையெழுத்துத்தான் கிடைத்தது!

பின்னாளில் நிலைமை மாறியதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் போனவர்களும் ஈடேற்றம் அடையக்கூடும் என்று கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1964ல் அறிவித்தது. ஆகவே இன்றைய கிறிஸ்தவ அயலார் எல்லோரும் பழைய கொள்கையில்தான் நிற்கிறார்கள் என்று நாமாக எண்ணிப் பேசுவது முறையன்று.

நம் மார்க்கத்தின் விடை

ஆதம் நபி (அலை) அவர்கள் பிழை செய்தார்கள், தவ்பாச் செய்தார்கள், அல்லாஹு தஆலா அதை ஏற்றுக்கொண்டான் (2:37). கணக்கு அங்கேயே தீர்ந்தது. பிள்ளைகள் தலையில் ஏற்ற மிச்சம் ஏதுமில்லை. ஒருவர் செய்த பாவத்துக்காக மற்றவர் பிடிக்கப்பட மாட்டார் என்பதைத் திருக்குர்ஆன் ஐந்து இடங்களில் வலியுறுத்துகிறது (6:164, 17:15, 35:18, 39:7, 53:38). தூதரை அனுப்பி எச்சரிக்காமல் தண்டிப்பது அல்லாஹ்வின் வழக்கமன்று என்றும் 17:15ல் காண்கிறோம்.

பிறக்கும் குழந்தை எல்லாம் தூய இயல்பான ஃபித்ராவிலேயே பிறக்கிறது என்பது நபிமொழி. பெருமானார் (ஸல்) அவர்கள் கண்ட ஒரு கனவைப் புகாரி ஷரீபில் காண்கிறோம். சோலை ஒன்றில் இப்ராஹீம் நபி (அலை) அவர்களைச் சுற்றிக் குழந்தைகள் நின்றார்கள். இணைவைப்போரின் குழந்தைகளுமா என்று தோழர்கள் கேட்க, ஆம், அவர்களும்தான் என்று நாயகம் (ஸல்) விடை பகர்ந்தார்கள்.

நம் வீட்டுப் பிள்ளை கேட்டால்?

இத்தோடு பாடத்தை முடித்துப் பெருமிதம் கொள்ளலாமா? கூடாது. நரகம் உண்மை என்பது நம் ஈமானில் அடங்கியது. டார்வின் கேட்ட கேள்வி நம் வீட்டிலும் எழும். "வாப்பா! எங்கள் டீச்சர் கிறிஸ்தவர், ரொம்ப நல்லவர். அவர் நரகத்துக்கா போவார்?" என்று நம் பிள்ளை கேட்கும். வாயை மூடு என்று அதட்டினால், அலெப்போவில் நியூமன் கண்ட அறியாமையின் செருக்கு நம்மிடமே குடியிருக்கிறது என்று பொருள். அதட்டல் வாங்கிய பிள்ளையின் உள்ளத்தில் கேள்வி சாவதில்லை, ஒளிந்து வளர்கிறது. ஒருநாள் ஈமானையே அரித்துவிடும். அல்லாஹ் காப்பானாக!

ஹிஜ்ரி 505ல் வபாத்தான இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். முஸ்லிம் அல்லாதவர்களை அவர்கள் மூன்றாக வகுத்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரே எட்டாதவர்கள் மன்னிப்புக்குரியவர்கள். அவர்களின் குணத்தையும் அற்புதங்களையும் நன்கறிந்தும் மறுத்தவர்கள் பொறுப்பாளிகள். பெயரைக் கேட்டும், பொய்யர் என்பது போன்ற தவறான சித்திரத்தையே கேட்டவர்கள் மூன்றாம் வகுப்பினர். இவர்களையும் முதல் வகுப்போடு சேர்த்தே இமாமவர்கள் வைக்கிறார்கள். யார் எந்த வகுப்பு என்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆகவே பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டியது: "மகனே! மார்க்கம் உண்மை. ஆனால் இன்னாருக்கு இன்ன தீர்ப்பு என்று சொல்லும் அதிகாரம் வாப்பாவுக்கு இல்லை. அல்லாஹ் எவருக்கும் அணுவளவும் அநீதி செய்யமாட்டான்."

மூன்றாம் வகுப்பைப் பற்றி எண்ணும்போது நமக்கு உடல் நடுங்க வேண்டாமா? தவறான சித்திரத்தை அயலாருக்குக் காட்டுபவர் யார்? அளவையில் மோசம் செய்யும் வியாபாரியும், வாங்கிய கடனைத் திருப்பாத மனிதரும், அண்டை வீட்டாரை வருத்துபவரும் முஸ்லிம் பெயரைத் தாங்கியிருந்தால், அவர்கள் காட்டுவது எந்தச் சித்திரம்? அவர்களைப் பார்த்தே விலகிப்போனவன் மன்னிக்கப்படலாம்; அவனை விலகச் செய்தவன் என்ன பதில் சொல்வான்?

நாம் பெற வேண்டிய பாடங்கள்

1. மனச்சாட்சி எழுப்பும் கேள்வியை ஈமானுக்கு எதிரி என்று எண்ணாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை ஆலிம்களிடம் கேட்டறிந்து சொல்லுங்கள்.

2. வேதக்காரர்களுடன் வாதிட நேர்ந்தால் அழகிய முறையிலேயே வாதிட வேண்டும் என்பது இறைகட்டளை (29:46). அவர்களிடமுள்ள நன்மையை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.

3. கிறிஸ்தவத்தை விட்டு இஸ்லாத்துக்கு வரும் சகோதரருக்குப் பெற்றோரை வெறுக்கக் கற்பிக்காதீர்கள். இணைவைக்கச் சொன்னால் கீழ்ப்படியக்கூடாது. ஆயினும் உலக காரியங்களில் அவர்களோடு நல்ல முறையில் நடக்க வேண்டும் (31:15). அஸ்மா (ரலி) அவர்கள், இஸ்லாத்தை ஏற்காத தம் தாயார் தம்மைத் தேடி வந்தபோது என்ன செய்வது என்று கேட்டார்கள். உறவைப் பேணுமாறே நாயகம் (ஸல்) பணித்தார்கள்.

அலெப்போவின் அந்தத் தச்சரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் பெரிய ஆலிம் அல்லர். நூல் எதுவும் எழுதியவர் அல்லர். பொறுமையாகக் கேட்டார், எதிரியின் நன்மையை ஒப்புக்கொண்டார், தம் ஈமானை ஒளிக்காமல் சொன்னார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தும் கற்றறிந்த ஓர் ஆங்கிலேயர் அதை மறக்காமல் எழுதினார். நம்மைச் சந்தித்துப் போகிறவர்கள் நம்மைப் பற்றி எதை நினைவில் கொண்டு போவார்கள்?

வல்ல நாயன் நம் சொல்லையும் செயலையும் சீராக்கி, அவன் மார்க்கத்துக்கு நம்மை நல்ல சாட்சிகளாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.